நெல்லித்தோப்பில் ஒரு முதுகு

முதலியார்பேட்டையில் பிறந்து நெல்லித்தோப்பில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அரிகிருஷ்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது வரை வாழ்க்கையில் ஒரே ஒரு குறைதான். அவர் முகம் எந்தப் புகைப்படத்திலும் ஒழுங்காக விழவில்லை. சர்க்கரை கிடையாது, ரத்தக்கொதிப்பு கிடையாது, மனைவி கமலவேணியின் குழம்பில் உப்புகூடச் சரியாகத்தான் இருந்தது. ஆகவே தம் கவலை முழுவதையும் இந்த ஒன்றின் மேலேயே செலுத்த அவருக்கு வசதிப்பட்டது.

பஞ்சாலையில் அவர் வேலை பார்த்த காலத்தில், ஒரு பொங்கலுக்கு நூற்புப் பிரிவு ஆட்கள் எல்லாரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். கேமராக்காரர் ஒன்று, இரண்டு என்று சொல்லி மூன்று சொல்வதற்குள் அரிகிருஷ்ணனின் செருப்பு வார் அறுந்தது. குனிந்தார். எண்பத்து நான்கு பேர் சிரிக்கும் அந்தப் படத்தின் இரண்டாம் வரிசையில் ஒரு முதுகு இருக்கிறது. கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டும்போது குனிந்திருக்கிறார், அது முறை. மாலை மாற்றும்போது மாலை முகத்தை மூடியிருக்கிறது. அது பூக்காரரின் தாராள மனசு. மகள் இனியாவின் காதுகுத்தில், குழந்தை உதறிவிட்ட கம்மலைப் பாய்க்கடியில் தேடிக்கொண்டிருக்கிறார்.

மொத்தத்தில் அவர் முகத்துக்கு ஆதாரம் ஒன்றுதான். முப்பத்தொன்பது வயதில் மில்லைவிட்டு விருப்ப ஓய்வில் வெளியே வந்தபோது, படிவத்தில் ஒட்டியது போக மிஞ்சிய ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம். மீசை கருகருவென்று இருக்கும். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, காலியான பஞ்சர் சொல்யூஷன் டப்பாவில் வைத்திருந்தார்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, தை மாதம். ஒரு ஜப்பான்காரப் பெண் எதிர்ச்சாரியில் சாக்கடை ஓரமாக நின்றுகொண்டு, ஒரு காகிதத்தைக் கை நீட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடியபடி இந்தக் கடையைப் பார்த்தாள். அரை அடி இடப்பக்கம் நகர்ந்தாள். மறுபடி பார்த்தாள். சாலையை அகலப்படுத்த அளவெடுக்கிறார்கள் என்று அரிகிருஷ்ணன் முடிவுகட்டினார். தம் கடையின் தகரச் சார்ப்பு தெருவுக்குள் இரண்டடி வந்திருப்பது வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். எழுந்து போய், "போன்ழூர் மதாம்" என்றார். வெளிநாட்டுக்காரர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் பிரெஞ்சில் வரவேற்பதுதான் பாண்டிச்சேரி மரியாதை. அவள் குனிந்து வணங்கினாள். இவரும் குனிந்தார். அவள் இன்னொரு முறை குனிந்தாள். எதிரில் பிரௌசிங் சென்டர் நடத்தும் புருஷோத்தமனின் மகள் சிவசங்கரி குறுக்கே வந்திராவிட்டால் இது மத்தியானம் வரை நடந்திருக்கும்.

சிவசங்கரி அந்தப் பெண்ணிடம் இங்கிலீஷில் பேசி, இன்டர்நெட்டிலும் தேடிப் பார்த்து விஷயத்தைச் சொன்னாள். ஜப்பான் டிவியில் ஒரு பொம்மைப்படத் தொடர் வாராவாரம் ஓடுகிறதாம். அதை வரைந்தவர் என்றைக்கோ பாண்டிச்சேரிக்கு வந்து, வாடகை சைக்கிளில் சுற்றிப் பஞ்சராகி, இந்தத் தெருவில் நின்றிருக்கிறார். கதையில் ஊருக்கு வேறு பெயர். தெரு மட்டும் இதே தெரு. ஏழாவது வாரத்தில் கதாநாயகியின் சைக்கிள் பஞ்சராகிறது. தகரச் சார்ப்பின் கீழே, பலகை கோணிய பச்சைக் கதவுக்கு முன்னால், ஒரு ஆள் குனிந்து காற்றடிக்கிறார். நான்கு செகண்டு. தொடர்மேல் பைத்தியமானவர்கள் இப்படிப்பட்ட இடங்களைத் தேடித் தேடிப் போய், படத்தையும் இடத்தையும் பொருத்திப் பார்த்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நாம் கோயில் கோயிலாகப் போவது மாதிரி.

அரிகிருஷ்ணன் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். குனிந்த முதுகு. இடது தோளில் கிழிந்த பனியன்.

"இது நான்தாம்மா."

"மூஞ்சி தெரியலியே மாமா."

"முதுகு தெரியுதில்ல. இந்தக் கிழிசலோட இந்தத் தெருவுல வேற எவன் நிக்கிறான்?"

சிவசங்கரி இதை அந்தப் பெண்ணிடம் சொல்வதற்குள் அவள் கதவை மட்டும் படம் எடுத்துக்கொண்டு ஆட்டோ ஏறிவிட்டாள். மாசி மாதம் இன்னும் மூன்று பேர் வருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

அந்த ஒரு மாதம் அரிகிருஷ்ணன் தரையில் நடக்கவில்லை. கடல் கடந்து ஒரு நாடே தம் முதுகைப் பார்த்துவிட்டது. முகத்தைக் காட்டிவிட வேண்டியது ஒன்றுதான் பாக்கி. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வட்டச் செயலாளரின் பிறந்தநாள் எதுவானாலும் பேனர் கட்டாமல் இந்த ஊரில் நடக்காது. ஜப்பான் விஷயத்தில் மட்டும் விட்டுவிட முடியுமா? எட்டடிக்கு ஆறடி டிஜிட்டல் பேனர் ஒன்று அச்சாயிற்று. "ஜப்பான் நாட்டு விருந்தினர்களை வருக வருக என வரவேற்கும் சித்திரத் தொடர் நாயகர்" என்று மேலே எழுத்து. கீழே, டப்பாவிலிருந்து எடுத்த பாஸ்போர்ட் படம் அண்டா அளவுக்கு ஊதிப் பெருத்து, மீசையுடன் சிரித்தது.

கதாநாயகி யாரோ ஒரு பெண் என்று சிவசங்கரி எடுத்துச் சொல்லியும் அவர் கேட்கவில்லை. ஜப்பான்காரன் முதுகை வரைந்ததற்கு ஏதாவது காரணம் இருக்கும் என்று புருஷோத்தமன் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கமலவேணி மட்டும் பேனரை வெகுநேரம் பார்த்துவிட்டு, "யாருங்க இது? ஒங்க தம்பியா?" என்று கேட்டாள்.

மூன்று பேரும் வந்தார்கள். இரண்டு இளைஞர்கள், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள். நான்கு மணிக்கு அவர்களுக்குச் சென்னை பஸ். அரிகிருஷ்ணன் தலைக்கு மை பூசி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் பேனருக்குப் பக்கத்தில் நின்றார். அவர்கள் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவை மூன்று முறை நடந்தார்கள். மாவு மில்லுக்கு எதிரில் பிடித்துப் பார்த்தார்கள். புருஷோத்தமனின் சுவரோடு பொருத்திப் பார்த்தார்கள். சைக்கிள் கடையைக் கடக்கும்போதெல்லாம் அரிகிருஷ்ணன் பேனரைக் கைகாட்டினார். அவர்கள் அந்த முகத்துக்கு மரியாதையாகக் குனிந்து வணங்கிவிட்டு அப்பால் போனார்கள்.

மூன்றாவது முறை அந்த அம்மாள் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த எடத்த இடிச்சிட்டாங்க போலன்னு சொல்றாங்க மாமா," என்றாள் சிவசங்கரி. "கதவு ஒங்க பேனருக்குப் பின்னாலதான இருக்குது."

அரிகிருஷ்ணன் திரும்பி, ஆறடி உயரத்துக்கு இருந்த தம் முகத்தைப் பார்த்தார். ஐம்பத்திரண்டு வருடத்தில் முதல்முறையாகத் தெருவே பார்க்கும்படி வந்திருக்கும் முகம். மணி மூன்றரை. ஆட்டோ ஒன்று கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அவர் டியூப் வெட்டும் கத்தியை எடுத்தார். நான்கு மூலையிலும் கயிற்றை அறுத்தார். மீசை மடிந்து, சிரிப்பு மடிந்து, பேனர் தரையில் விழுந்தது. பின்னால் பச்சைக் கதவு, கோணல் பலகையோடு அப்படியே நின்றது.

அத்தோடு விட்டிருந்தால் அவர்களும் கதவை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அவர் சட்டையைக் கழற்றினார். கிழிந்த பனியனைக் கமலவேணி போன வாரமே கைதுடைக்கும் துணியாக்கி ஆணியில் மாட்டியிருந்தாள். கிரீஸ் நாறும் அதை எடுத்துத் தலைவழியாக மாட்டிக்கொண்டு, சார்ப்பின் கீழே ஒரு சைக்கிளை நிறுத்தி, குனிந்து, காற்றடிக்கத் தொடங்கினார்.

பம்பு நான்கைந்து முறை ஏறி இறங்கியது. பிறகு அந்த அம்மாள் ஏதோ சொன்னது கேட்டது. கேமராக்கள் படபடத்தன. சிரிப்பைத் தயார் செய்துகொண்டு அரிகிருஷ்ணன் மெல்லக் கழுத்தைத் திருப்பினார்.

"திரும்பாதீங்க மாமா," என்றாள் சிவசங்கரி. "மூஞ்சி வேணாமாம்."

அவர் திரும்பவில்லை. காற்றடித்தார். டயர் கல்லாக இறுகிய பிறகும் அடித்தார். ஒவ்வொருவராக வந்து கோணம் பார்த்தார்கள். கடைசியில் டயர் துப்பாக்கி மாதிரி வெடித்தது. மாவு மில் வாசலில் நின்றவர்கள்கூடத் துள்ளினார்கள். அரிகிருஷ்ணன் அப்போதும் திரும்பவில்லை. தம் வாழ்நாளில் அவர் காட்டிய கட்டுப்பாடுகளில் அதுவே பெரியது என்று கமலவேணியே ஒப்புக்கொள்கிறாள்.

பங்குனியில் ஜப்பானிலிருந்து ஒரு உறை வந்தது. உள்ளே ஒரே அட்டையில் இடப்பக்கம் பொம்மைப்படம், வலப்பக்கம் போட்டோ. கிழிசல் கிழிசலோடு பொருந்தியிருந்தது. கமலவேணி அதற்குச் சட்டம் போட்டு, வாசலில் நுழைகிறவர் கண்ணில் முதலில் படும் இடத்தில் மாட்டினாள். தள்ளி நின்று பார்த்தாள்.

"மூஞ்சிய விட இதான் ஒங்களுக்கு நல்லா இருக்குது," என்றாள்.

அன்று சாயங்காலம் கடைக்கு வந்த நான்கு பேரை அரிகிருஷ்ணன் வீட்டுக்கு அழைத்துப்போய்ப் படத்தைக் காட்டினார். ஜப்பான்காரர்கள் இப்போதும் எப்போதாவது வருகிறார்கள். ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டதும் அவர் சட்டையைக் கழற்றித் தெருவுக்கு முதுகைக் காட்டிவிடுகிறார்.

பேனர் வீணாகவில்லை. ஐப்பசி மழைக்குத் தகரச் சார்ப்பு ஒழுகியபோது அதன்மேல் விரித்துக் கட்டினார்கள். முகம் மேல்பக்கமாக அமைந்துவிட்டது. மீசையில் இரண்டு காக்கைகள் தினமும் காலையில் வந்து உட்காருகின்றன.