சாப்பாட்டு நேரத்தில் வெளியே போனவர்

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் எங்கள் செக்ரட்டரியம்மா எழுந்து வெளியே போய், வாசலுக்கு எதிரே இருந்த பாறையில் வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். சாரல் அடித்தால் குடையோடு. உள்ளே தட்டுக் கழுவும் சத்தம் கேட்ட பிறகுதான் திரும்புவார். திருநெல்வேலிக்குப் படிக்கப் போய்வந்த பிறகு வந்த பழக்கம் அது.

சித்தம் கலங்கியவர்களின் தலையில் அருவி விழுந்தால் தெளியும் என்று நம்பி அந்தக் காலத்தில் குற்றாலத்துக்குக் கூட்டி வருவார்கள். தெளியாத சிலரை அங்கேயே விட்டுவிட்டுப் போவதும் உண்டு. அப்படி விடப்பட்டவர்களுக்கு, தென்காசிச் சாலையில் ஓர் ஓட்டு வீட்டில் செக்ரட்டரியம்மா இல்லம் நடத்தினார். சிறிய சங்கம், அவர்தான் செயலாளர். நான் ஐந்தாம் வகுப்போடு ஊரைவிட்டுக் கிளம்பியவன். சீசனில் அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவேன்; சீசன் முடிந்தால் கிடைத்த வேலை, கிடைக்காத நாளில் பட்டினி. ஓர் ஐப்பசி மழையில் அம்மா என்னைச் சமையலுக்கு வைத்துக்கொண்டார்.

அங்கே எல்லாமே அம்மாதான். அரிசிக்கு அலைவதும் அவர்தான். யாருக்கு எந்த மருந்து என்பது அவர் நினைவில் மட்டுமே இருந்தது. மூணாறுக்காரி என்று நாங்கள் கூப்பிட்ட ஒருத்தி, அவர் ஊட்டினால்தான் வாய் திறப்பாள். சேவை இல்லம் நடத்துகிறவர்களுக்குத் திருநெல்வேலியில் சனிக்கிழமைதோறும் நிர்வாக வகுப்பு என்று அழைப்பு வந்தபோது, "சோறு போடுததுக்குமா பள்ளிக்கூடம் வச்சிருக்கான்?" என்று பால்காரர் சிரித்தார். அம்மா அதிகாலையில் ஊட்டிவிட்டு ரயிலேறுவார். மூணாறுக்காரிக்கு அடுத்த கவளம் அவர் திரும்பிய பிறகுதான்.

"நாளைக்கு நீங்கள் இல்லையென்றால் உங்கள் இல்லத்தில் முதலில் எது நிற்கும்?" என்று வகுப்பில் ஓர் இளம் ஆசிரியர் கேட்டாராம். மற்றவர்கள் பால், அரிசி என்றார்கள். அம்மா பெருமையாக "எல்லாமே" என்றார். ஆசிரியர் கரும்பலகையில் எழுதியிருந்த எல்லாவற்றையும் துடைத்தாராம். "அவன் ஏசியிருந்தாக்கூட மறந்திருப்பேம்லே" என்றார் அம்மா என்னிடம்.

அதன்பின் ஒவ்வொன்றாகக் கைமாற்றினார். மருந்து என்னிடம் வந்தது. அரிசி திரட்டுவது சங்கத் தலைவரான ஜவுளிக்கடை அண்ணாச்சியிடம் போனது. வெள்ளிக்கிழமைகளில் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்துப் பேசச் சொன்னார். பாதி பிதற்றல்தான்; ஆனால் என் ரசத்தில் காரம் அதிகம் என்று அங்கேதான் எனக்குத் தெரிந்தது. கடைசியாக ஊட்டுவதை நிறுத்திவிட்டு, சாப்பாட்டு மணி அடித்ததும் பாறைக்குப் போனார். மூணாறுக்காரி யார் கையிலும் வாங்கவில்லை. இரண்டாம் நாள் நான் பாறைக்கே போய்க் கத்தினேன்.

"பட்டினி போடத்தான் படிச்சிட்டு வந்தியளா?"

"நான் செத்தா அவளும் சாவணுமாலே?" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை. குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள், வாய் திறந்து பேசியே அறியாத வாசுதேவநல்லூர்க் கிழவி ஒருத்தி, தன் தட்டுச் சோற்றைப் பிசைந்து நீட்டினாள். மூணாறுக்காரி வாங்கிக்கொண்டாள். வாசலில் நின்று கூவினேன். அம்மா அப்போதும் எழுந்து வரவில்லை.

பெரிய கம்பெனிக்காரர்களுக்குத்தான் நிர்வாகப் படிப்பு என்று இன்றும் சொல்கிறார்கள். அந்தச் சனிக்கிழமைகள் இல்லாவிட்டால் பின்னால் அம்மாவுக்கு முழங்கால் முடங்கிய அன்றே இல்லமும் முடிந்திருக்கும். அடுத்த சீசனில் நான் பம்பாய்க்குக் கிளம்பினேன். என் வேலையைச் செய்யவும் ஆள் இருந்ததால் யாரும் தடுக்கவில்லை.

அறுபதுகளின் கடைசியில் பம்பாயிலிருந்து திரும்பி இல்லத்துக்குப் போனேன். "யாரப் பாக்கணும் அண்ணாச்சி?" என்று கேட்ட புதுச் சமையல்காரர், பதிலுக்குக் காத்திராமல் இலை போட்டார். நரைத்துப்போன மூணாறுக்காரி தன் கையாலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. சுரண்டையில் தம்பி வீட்டுப் பின்னறையில் இருக்கிறார் என்றார்கள். பஸ் பிடித்துப் போனேன். தம்பி குடும்பம் கடையில் இருந்தது. அம்மா தனியாக இருந்தார்.

"மூணாறுக்காரி என்னைக் கேட்டாளாலே?"

"இல்லம்மா."

"வேற யாராவது?"

"இல்ல."

"அப்பம் அந்த வாத்தியார் கேள்வியில பாஸாயிட்டேம்லே" என்று சிரித்தார்.

"சாப்பிட்டியாலே?"

இல்லத்தில் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தேன். இல்லை என்றேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.