சாட்சியின் மூன்றாம் பகுதி

1. இடுப்பளவில் சிலுவை

தண்ணீர் வடிந்த பிறகு நானும், கோயிலைக் கூட்டித் துடைத்துப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை சாமுவேலும் கோயிலைப் பார்க்கப் போனோம். கோயில் இருந்த இடத்தில் சேறு மேடாகக் கிடந்தது. கூரை உச்சியில் இருந்த சிலுவை மட்டும் எங்கள் இடுப்பு உயரத்தில் வெளியே நின்றது. சாமுவேல் சட்டை நுனியால் அதைத் துடைத்தான்.

“இத்தன வருஷமா ஏணி வச்சு ஏறித் தூசி தட்டுனேன் உபதேசியாரே. இன்னைக்கு நின்ன எடத்துலயே தட்டலாம்” என்றான். சிரித்துவிட்டு அழுதான்.

நான் உபதேசியாராக நாற்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில் தெமோதரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. போதகர் பதுளை டவுனில் இருப்பார். மாதத்துக்கு ஒருமுறை வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் ஜெபம் நடத்துவது, தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு லயம் லயமாகப் போய் வீடு சந்திப்பது, நோயாளிக்குப் பக்கத்தில் உட்காருவது, அடக்க ஆராதனை எல்லாம் உபதேசியாரின் வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிப்பதற்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். நான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கிய காரியம் ஒன்று உண்டு. அதையே எழுதுகிறேன். அதில்தான் நான் மிக மோசமாகத் தவறினேன்.

கார்த்திகை மழை விடாமல் கொட்டியதில் மேல் மலை உடைந்தது. அந்த மண்ணையும் பாறையையும் ஓடை வாரிக்கொண்டு வந்து எங்கள் மேல் போட்டது. கோயில் மூழ்கியது. ஓடைக்கரை லயத்தில் பாதி போனது. போன ஒற்றையறைக் காம்பராக்களில் ஒன்றில் ஜெயசீலனும் அவன் மகள் ஷாமிலியும் இருந்தார்கள். அவன் மனைவி புஷ்பராணி தங்கையின் பிரசவத்துக்காகப் பதுளை ஆஸ்பத்திரியில் இருந்தாள். பாதைகள் உடைந்திருந்ததால் ரயில் பாதை வழியாகவே நடந்து வந்து சேர்ந்தாள். வந்தவளுக்குக் காட்ட எங்களிடம் சேற்றைத் தவிர எதுவும் இல்லை. பிறகு ஷாமிலியின் உடலை எடுத்தார்கள். ஜெயசீலன் கிடைக்கவே இல்லை.

2. நான் வைத்திருந்த முறை

எங்கள் சபையில் பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில் சாட்சி நேரம் உண்டு. யாராவது எழுந்து, ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சொல்வார்கள். முடிந்ததும் சபை முழுவதும் “ஸ்தோத்திரம்” என்று சொல்லும். மலையில் நாள் முழுக்கச் சத்தமாகப் பேசிக்கொண்டு கொழுந்து எடுக்கிறவர்களுக்கு மைக்கைக் கண்டால் வாய் கட்டிவிடும். அவர்களுக்காக நான் ஒரு முறை வைத்திருந்தேன். சாட்சிக்கு மூன்று பகுதி. முதலில், நீ எப்படி இருந்தாய். இரண்டாவது, என்ன கஷ்டம் வந்தது. மூன்றாவது, ஆண்டவர் எப்படி மீட்டார். மூன்றாவது பகுதி முடியும் இடத்தில் குரலைக் கொஞ்சம் உயர்த்து, சபை தானாக ஸ்தோத்திரம் சொல்லும் என்று பழக்குவேன்.

குடியை விட்டவன், நோய் தீர்ந்தவள், பிள்ளை சோதனையில் பாஸான தாய் எல்லாரும் இந்த மூன்றில் அடங்கினார்கள். மற்ற சபைகளிலிருந்து இளம் உபதேசிமார் வந்து என்னிடம் இதைப் பழகிக்கொண்டு போனார்கள். மூன்றில் அடங்காதவர்களை நான் எழுப்பியதே இல்லை. அப்படி விட்டிருக்கிறேன் என்பது கூட எனக்கு அப்போது தெரியாது.

வெள்ளத்துக்குப் பிறகு முதல் ஞாயிறு, இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த தோட்டப் பாடசாலை மண்டபத்திலேயே ஜெபம் வைத்தோம். பாய்களைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு எல்லாரும் தரையில் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

“நம்ம சபை இவ்வளவு நெருக்கமா ஒக்காந்து நான் பாத்ததே இல்ல. பின்பெஞ்சு ஆளுகளுக்கு இன்னைக்கு ஓட எடமில்ல” என்றான் சாமுவேல்.

பழக்கத்தின்படி சாட்சி நேரம் என்று அறிவித்தேன். பாக்கியநாதன் எழுந்தான். என் முறையில் நன்றாகப் பழகியவன்.

“நாங்க நல்லாத்தான் இருந்தோம். திடீர்னு மலை எறங்கிருச்சு. சேறு எங்க காம்பரா வாசப்படி வரைக்கும் வந்துச்சு. ஆண்டவரே நிப்பாட்டுங்கன்னு கத்துனேன். அப்படியே நின்னுருச்சு!”

சபை ஸ்தோத்திரம் சொன்னது. நானும் சொன்னேன்.

கூட்டம் முடிந்து பாய்களை மறுபடி விரித்துக்கொண்டிருந்தபோது புஷ்பராணி என் பக்கத்தில் வந்தாள்.

“ஐயா, பாக்கியம் அண்ணன் காம்பராவுக்கும் எங்க காம்பராவுக்கும் நடுவுல ஒரே செவருதானே?”

“ஆமாம்மா.”

“செவத்துக்கு அந்தப் பக்கம் அவரு கத்துனது ஆண்டவருக்குக் கேட்ருக்கு. இந்தப் பக்கம் எம் மக கத்துனது கேக்கலையா?”

“அதெல்லாம் நமக்கு இப்ப வெளங்காதும்மா. ஜெபம் பண்ணு” என்றேன்.

பதில் தெரியாத நேரத்தில் ஜெபம் பண்ணு என்று சொல்லிவிட்டு நகர்வது எங்கள் தொழிலில் மிக எளிது. நகர்ந்துவிட்டேன்.

3. விருந்தாளிகள்

கோயிலைத் திரும்பக் கட்ட உதவுவதாகக் கொழும்புச் சபை ஒன்றிலிருந்து சிலர் பார்க்க வருவதாகப் போதகர் போனில் சொன்னார். அவர் இளைஞர். கெட்டவர் இல்லை. அவருக்கும் சபை கலைந்துவிடுமோ என்ற பயம் இருந்தது.

“ஐயா, ஒரு நல்ல சாட்சி வேணும்.”

“பாக்கியநாதன் இருக்கான் பாஸ்டர். நல்லா பேசுவான்.”

“அவரு வீடு தப்பிருச்சே. இழந்தவங்க யாராச்சும் பேசுனாத்தான் வர்றவங்க மனசுல நிக்கும்.”

புஷ்பராணியின் பெயரை அவர் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

அவள் முதலில் மாட்டேன் என்றாள். கோயில் எழும்பினால் சபை எழும்பும், சபை எழும்பினால் உனக்கும் ஒரு துணை என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். முந்தின நாள் ஒரு வகுப்பறையில் உட்கார வைத்துப் பழக்கினேன். முதல் இரண்டு பகுதிகளையும் தடுமாறாமல் சொன்னாள்.

“மூணாவதா என்னங்க சொல்றது?”

“ஆண்டவர் ஒனக்குச் செஞ்சதச் சொல்லு.”

“என்ன செஞ்சாரு?”

“ஒன் உயிரக் காப்பாத்திருக்காரேம்மா.”

“அது தங்கச்சிக்கு அன்னைக்கு வலி வந்ததாலங்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. என் கணக்கில் ஒரு பிழையைத் திருத்துவது போலச் சொன்னாள்.

மேடையில் நின்றால் தானாக வந்துவிடும் என்று நான் நினைத்தேன். எத்தனையோ பேருக்கு அப்படி வந்திருக்கிறது.

மறுநாள் விருந்தாளிகள் முன்வரிசை நாற்காலிகளில் இருந்தார்கள். ஒரு பெண் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். புஷ்பராணி மைக்கைப் பிடித்தாள்.

“எம் பேரு புஷ்பராணி. எங்க வீட்டுக்காரருக்கு தேயிலை ஸ்டோர்ல தூள் சலிக்கிற வேலை. மகளுக்கு ரயிலுன்னா உசுரு. நான் தங்கச்சிகிட்ட போறப்ப அவளும் வர்றேன்னு அழுதா. அடுத்த தடவ ரயில்ல கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன். திரும்பி வர்றப்ப ரயில் ரோட்டுலயே நடந்து வந்தேன். ரயிலு ஓடல. வந்து பாத்தா லயமும் இல்ல.”

அங்கே நிறுத்தினாள்.

நாங்கள் காத்திருந்தோம். அவள் அழவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தவள் போல மைக்கை என்னிடம் நீட்டினாள். போதகர் என்னைப் பார்த்தார். நான் வாங்கிப் பேசினேன்.

“சகோதரியால் மேலே பேச முடியவில்லை. ஆனால் நேற்று அவர் என்னிடம் சொன்னார்: என் கணவரையும் மகளையும் எடுத்துக்கொண்ட ஆண்டவருக்கு நான் நன்றி சொல்கிறேன். அவர்களுக்குப் பதிலாக இந்தச் சபையை எனக்குக் குடும்பமாகத் தந்திருக்கிறார்.”

முடிக்கும் இடத்தில் குரலை உயர்த்தினேன். சபை ஸ்தோத்திரம் என்றது. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார்.

“நான் அப்படிச் சொல்லலீங்க” என்றாள் புஷ்பராணி.

அவள் கையில் மைக் இல்லை. போதகர் அதற்குள் பாட்டைத் தொடங்கிவிட்டார். ஆனால் நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். எனக்குக் கேட்டது.

4. கோயில் எழும்பியது

புதுக் கோயிலை, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பெரட்டுக்களத்துக்கு மேலே, வெள்ளம் எட்டாத இடத்தில் கட்டினோம். டைல்ஸ் தரை போட்டோம். லயம் இழந்தவர்கள் பாடசாலையிலிருந்து தகரக் கொட்டில்களுக்குப் போனார்கள். இதை எழுதும்போதும் அங்கேதான் இருக்கிறார்கள். காணி தருவதாகச் சொன்னவர்கள் வந்து அளந்துவிட்டுப் போனார்கள்.

“ஆண்டவருக்கு வீடு கெடச்சிருச்சு. அவரு மாத்தி எழுதிக் குடுத்தா நாங்க குடியிருந்துக்குவோம்” என்றான் சாமுவேல். அவனும் கொட்டிலில்தான் இருந்தான்.

புஷ்பராணி கோயில் கட்டும் வேலைக்கும் வரவில்லை, ஜெபத்துக்கும் வரவில்லை. பசறையில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள், கடை ஒன்றில் வேலை செய்கிறாள் என்றார்கள். பிரதிஷ்டைக்கு அவளை அழைத்துவரும்படி போதகர் கேட்டார். இரண்டு பஸ் மாறிப் போனேன்.

அது ஒரு முஸ்லிம் முதலாளியின் பலசரக்குக் கடை. அவள் தராசுக்குப் பக்கத்தில் நின்றாள். என்னைக் கண்டதும் முதலாளி, “ஐயாவுக்கு ஒரு கதிரை போடு புள்ள” என்றார். அவள் போட்டாள். நான் உட்காரவில்லை.

“கோயில் முடிஞ்சிருச்சும்மா. நீ வரணும்.”

“எங்க மாமியார் இருக்காங்களா அங்க?”

“இருக்காங்க. தவறாம ஜெபத்துக்கு வர்றாங்க.”

“அவங்க எங்கூடப் பேசுறதில்ல. ஒங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது என்றேன். அவள் சொல்லித்தான் அறிந்தேன். நான் பேசியது எல்லார் போனிலும் போயிருந்தது. அதைக் கேட்ட ஜெயசீலனின் தாய், “எம் மகன் செத்ததுக்கு நன்றி சொன்ன மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன்” என்று சொல்லிக் கொட்டிலின் கதவைச் சாத்திவிட்டார். புஷ்பராணி பசறைக்கு வந்ததற்குக் காரணம் அதுதான். வீடு சந்திப்பதே வேலையாக இருந்த நான், சீமெந்துக்கும் டைல்ஸுக்கும் அலைந்ததில் அந்த ஒரு வீட்டைச் சந்திக்கவில்லை.

“நான் சொல்லலன்னு எத்தனையோ தடவ சொல்லிட்டேன். உபதேசியாரு பொய் சொல்லுவாரான்னு கேக்குறாங்க. பஸ்ஸுல முகம் தெரியாத ஆளுக கையப் புடிச்சு, ஒங்களுக்குப் பெரிய விசுவாசம் அக்காங்குறாங்க. அந்த மூணாவது பகுதிய எனக்குக் குடுத்தது நீங்க. நீங்களே வந்து எடுத்துக்குங்க.”

“நான் என்ன செய்யணும்?”

“யாரு முன்னால குடுத்தீங்களோ அவங்க முன்னால எடுத்துக்குங்க” என்றாள்.

5. பிரதிஷ்டை

பிரதிஷ்டை அன்று கொழும்பு விருந்தாளிகள் மறுபடி வந்தார்கள். எனக்கு ஓய்வு கொடுக்கும் நாளும் அதுவே. பொன்னாடை போர்த்தி, என் ஊழியத்தைப் பற்றிச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். போன்கள் எல்லாம் உயர்ந்தன.

“நான் உபதேசியாராக இருந்தேன். வெள்ளம் வந்தது. அதற்குப் பிறகு, புஷ்பராணி சொல்லாத ஒன்றைச் சொன்னதாக உங்கள் முன்னால் பொய் சொன்னேன். அவள் நன்றி சொல்லவில்லை. ரயில் ஓடவில்லை, லயமும் இல்லை என்றுதான் சொன்னாள். மீதி என்னுடையது. இந்தக் கோயிலைக் கட்ட அந்தப் பொய்யும் உதவியது.”

மைக்கை வைத்தேன். போன்கள் இறங்கின. போதகர் என் காதருகே, “இன்னைக்கா ஐயா?” என்றார். பிறகு பாட்டு எண்ணைச் சொன்னார். ஜெயசீலனின் தாய் பாடவில்லை. முடிந்து போகும்போது என் முன்னால் நின்று, நான் நீட்டிய கையைப் பார்த்துவிட்டுப் பிடிக்காமல் போனார்.

முதலில் சொன்ன பொய் இன்றும் போன்களில் சுற்றுகிறது. பிரதிஷ்டையில் சொன்னதை யாரும் படம் பிடித்து அனுப்பவில்லை.

அந்த வாரமே பசறைக்குப் போனேன். புஷ்பராணி பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லிட்டேன்மா.”

“அத்தை இருந்தாங்களா?”

“இருந்தாங்க. ஒண்ணும் பேசல.”

“எல்லாருக்கும் கேட்டுச்சா?”

“மைக்குலதான் சொன்னேன்.”

“யாராச்சும் ஸ்தோத்திரம் சொன்னாங்களா?”

“இல்லம்மா. ஒருத்தரும் சொல்லல.”

பையை முடிச்சுப் போட்டு வாடிக்கையாளரிடம் கொடுத்தாள்.

“அப்ப சரியாத்தான் சொல்லிருக்கீங்க” என்றாள்.

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும், ஒரு ஞாயிறு வந்து பார் என்றாவது கேட்க வேண்டும் என்று வாய் துடித்தது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களே, அந்த வாய்தான் நம் தொழிலின் நோய். அவள் நிறுத்திய இடத்தில் நானும் நிறுத்திக்கொண்டு, பஸ்ஸுக்கு நடந்தேன்.