அப்பா மொதல்ல உக்காரட்டும்

என் மகளுக்கு நான்கு வயதில் முன்பற்களில் பழுப்புப் புள்ளி விழுந்ததற்கு யார் காரணம் என்று கேட்டால், விவசாயத் தொழிலாளர் சங்கம் என்றுதான் சொல்வேன். என் வீட்டுக்காரர் எங்கள் ஊர்ச் சங்கத்தின் செயலாளர். கூட்டம் எங்கே நடந்தாலும் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். பேச்சு நீண்டால் பிள்ளை சிணுங்கும். உடனே ஆளுக்கொரு தேன்மிட்டாயை அவள் வாயில் போடுவார்கள். நில உச்சவரம்பைப் பற்றி அவர்கள் பேசி முடிப்பதற்குள் இவள் மிட்டாயோடு தூங்கியிருப்பாள். எழுப்பி வாய் கொப்பளிக்க வைக்க எந்தத் தோழருக்கும் தோன்றியதில்லை.

நான் கத்தினால், "விழப்போற பல்லுதானே" என்பார் இவர்.

சுகாதார நிலையத்து நர்சம்மாதான் பிள்ளையின் வாயைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இப்பவே காட்டுனா மருந்து தடவுறதோட போயிடும். விட்டா பிடுங்க வேண்டியதாயிடும்." தஞ்சாவூரில் சின்னப் பிள்ளைகளைப் பயமுறுத்தாமல் பார்க்கிற ஒரு பல் டாக்டர் புதிதாக வந்திருக்கிறார் என்றும் சொன்னார்.

பிடுங்குவது என்றதும் இவர் முகம் வெளுத்துவிட்டது. சின்ன வயதில் இவரை ஆட்கள் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, யாரோ குறடு வைத்துப் பல்லைப் பிடுங்கியிருக்கிறார்கள். போலீஸ் வேனில் சிரித்துக்கொண்டே ஏறுகிற மனிதர், கடைவாய்ப் பல் வலிக்குக் கிராம்பை அதக்கிக்கொண்டே காலம் தள்ளினார். என் மகளும் அப்படி ஆகிவிடக் கூடாது என்பதுதான் என் கவலையெல்லாம்.

பஸ் பிடித்துப் போனோம். டாக்டர் வெளியே வந்ததுமே எனக்குத் திக்கென்றது. எங்கள் ஊர் மிராசுதாரின் அதே மூக்கு, அதே நடை. எந்த ஊர் என்று விசாரித்தவர் இவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்கண்ணன் களத்துல கொடி நட்டது நீங்கதானே?"

இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "வா, போவோம்."

"உக்காருங்க. புள்ள பல்லைக் காட்ட வந்தோம், கொடி நட வரல" என்றேன் நான்.

அப்பாவின் முகம் மாறியதைப் பார்த்ததும் மகளுக்கு என்ன தோன்றியதோ, அறை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். இழுத்தால் உடம்பைத் தளர்த்திக் கனமாக்கிக்கொண்டாள். மறியலில் போலீஸ் தூக்கும்போது எப்படி இருக்க வேண்டும் என்று இவர் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்ததை அவள் அப்படியே செய்தாள். பெற்றதுதான் பெற்றோம், ஒரு சங்கத்துக்காரியையா பெற வேண்டும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

டாக்டர் அதட்டவில்லை. அவளுக்கு எதிரே தரையில் குந்தினார். "சரிம்மா, உன் கோரிக்கை என்ன?"

அவள் யோசித்தாள். "அப்பா மொதல்ல உக்காரட்டும்."

"எனக்கெதுக்கு? எனக்கு ஒண்ணுமில்ல" என்றார் இவர். கிராம்பு வாசனை அறை முழுக்க அடித்தது. மகள் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன நினைத்தாரோ, மிராசுதார் தம்பியின் நாற்காலியில் போய்ச் சாய்ந்துகொண்டார்.

டாக்டர் ஒவ்வொன்றையும் மகளிடம் காட்டி, இது கண்ணாடி, இது விளக்கு என்று சொல்லிவிட்டே எடுத்தார். சின்னக் கண்ணாடியை அவள் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். இருவரும் சேர்ந்து இவர் பற்களை எண்ணினார்கள். கடைவாய்ப் பக்கம் வந்ததும் இவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"இன்னும் தொடவே இல்லீங்க" என்றார் டாக்டர்.

மகள் இவர் கையைத் தடவிக்கொடுத்தாள். பிறகு தானே இவர் மடியில் ஏறி வாயைத் திறந்தாள். துடைத்து மருந்து தடவியதோடு சரி, அவள் முகம்கூடச் சுளிக்கவில்லை. படுக்கும்முன் பல் விளக்க வேண்டும், அதற்குப் பிறகு இனிப்பு கூடாது, இந்த வயதில் பெரியவர்கள்தான் விளக்கிவிட வேண்டும் என்றார் டாக்டர். கமிட்டியைக் கேட்காமல் எதற்கும் ஒத்துக்கொள்ளாத மனிதர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அன்றிலிருந்து கூட்டங்களில் தேன்மிட்டாய்க்குத் தடை. மகளை மடியில் கிடத்தித் தினமும் இவரே விளக்கிவிட்டார்.

குறுவை அறுவடைக்கு முன்னால் தாசில்தார் அலுவலகத்தில் கூலிப் பேச்சு நடந்தது. நடவுப் பெண்களின் சார்பில் நானும் மகளோடு போயிருந்தேன். எதிர் வரிசையில் மிராசுதார் வீங்கிய கன்னத்தைத் துண்டால் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். இவர் மேசையைத் தட்டி ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தார். நான் பிடிப்பதற்குள் மகள் எழுந்து எதிர் வரிசைக்குப் போய்விட்டாள்.

"மாமா, பல்லு வலிக்குதா? உங்க தம்பிகிட்ட போங்க."

மிராசுதார் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பயமா இருக்கும்மா."

"எங்கப்பா மடியில உக்காந்துக்கங்க, பயமா இருக்காது. அழுதாலும் பரவாயில்ல. எங்கப்பாவும் அழுதாங்க."

தாசில்தார் கோப்பைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். மிராசுதாருக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் வலித்தது. பேச்சை மறுநாளுக்குத் தள்ளி வைத்தார்கள். மறுநாள் அவர் வாயில் பஞ்சோடு வந்து, எல்லாவற்றுக்கும் சரியென்று கையை மட்டும் அசைத்தார்.

பேச்சு தள்ளிப்போன அன்று ராத்திரி இவர் என்னோடும் பேசவில்லை, மகளோடும் பேசவில்லை. சோறு இறங்கவில்லை என்று பாதியில் எழுந்துவிட்டார். செயலாளர் பல் டாக்டரிடம் அழுதாராம் என்று ஊர் முழுக்க அதே பேச்சு. நான் பாயை விரிக்கும்போது பார்க்கிறேன், பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வந்து சுவரைப் பார்த்தபடி சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மகள் ஓடிவந்து மடியில் படுத்து வாயைத் திறந்தாள். எனக்குத்தான் அன்றைக்கு அழுகை வந்தது.