பூசணிப் பிள்ளையாரும் கிழங்கு முருகனும்

போன மாதம் கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபத்தில் தர்பூசணியில் அன்னம் செதுக்கி வைத்திருந்தார்கள். பேத்தி அதன் இறக்கையில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்து, "சாப்புடுங்க தாத்தா, இனிப்பா இருக்கு லா," என்றாள். வேண்டாம் என்றேன். சர்க்கரை வியாதிக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். சர்க்கரையும் இருக்கிறதுதான். காரணம் அதுவல்ல.

நான் சின்னப் பையனாக இருந்தபோது நாங்கள் போர்ட் கிள்ளானில், துறைமுகக் கூலிகளின் லயத்தில் இருந்தோம். கப்பலிலிருந்து மூட்டை இறக்குவது அப்பாவின் வேலை. அம்மாவின் அண்ணன், என் தாய்மாமா, அவருக்கும் அதே வேலைதான். பிறகு மூட்டைகளுக்குப் பதில் சரக்கடைத்த பெரிய இரும்புப் பெட்டிகள் வந்தன. ஒரு கும்பலே நாள் முழுக்க இறக்கியதை ஒரு கிரேன் ஒரு மூச்சில் இறக்கியது. முதலில் அப்பாவை நிறுத்தினார்கள். மாமாதான் கூலிகளை மேற்பார்க்கும் மண்டோரிடம் போட்டுக்கொடுத்தார் என்பது அப்பாவின் கட்சி. அடுத்த மாதம் மாமாவையும் நிறுத்தினார்கள். அது அப்பா விட்ட சாபம் என்பது மாமாவின் கட்சி. இரண்டு வீட்டு அடுப்பும் ஒரே மாதிரி அணைந்து கிடந்தன. பேச்சுவார்த்தை மட்டும் இல்லை.

தீபாவளிக்கு லயத்து மன்றம் ஒரு போட்டி வைத்தது. தின்னும் பொருளில் சிலை செய்ய வேண்டும். பரிசு ஒரு மூட்டை அரிசி. மன்றத் தலைவர் மளிகைக் கடைக்காரர். மூட்டைக்கு மாலை போட்டுக் கடை வாசலிலேயே நிறுத்தியிருந்தார். பிள்ளைகள் நாங்கள் போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டுக்கொள்வோம்.

அப்பாவும் மாமாவும் திருவிழாவுக்கு வாழைப்பட்டையில் தேர் ஜோடிக்கிறவர்கள். கத்தி பிடிக்கத் தெரியும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு பூசணி காய்த்திருந்தது. அம்மா அந்த வாரத்தையே அதை நம்பித்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். அப்பா அதை அறுத்துவந்து பிள்ளையாராகச் செதுக்க உட்கார்ந்தார். தும்பிக்கை நுனியை வளைத்து, மேலே கோடு கோடாகக் கீறினார்.

"புள்ளைங்க வயித்துக்குப் போக வேண்டியத இப்படிச் செதுக்குறீங்களே."

"அடப் போடி. சாமிய எவன் ரெண்டாவதா வைப்பான்? மூட்ட நம்ம வீட்டுக்குத்தான்."

மாமா மரவள்ளிக்கிழங்கில் கப்பல் செய்துகொண்டிருந்தார். விஷயம் காதுக்கு எட்டியதும் கொடிமரத்தை வேலாக்கி, கப்பலின் மூக்கை மயிலாக்கி, மேலே முருகனை நிறுத்திவிட்டார். முருகனின் முகம் கொஞ்சம் மாலுமி மாதிரிதான் இருந்தது.

போட்டியன்று தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மேசைப் பக்கமே போனார். இந்தப் பக்கம் பிள்ளையார், அந்தப் பக்கம் முருகன். நடுவில் மண்டோர் மகள் வெள்ளரிக்காயில் செய்த வாத்து. சுற்றிச் சுற்றி வந்தார்.

"சீக்கிரம் சொல்லுங்க தலைவரே!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

"என்னாத்த சொல்ல? அண்ணன் தம்பி பழப் பஞ்சாயத்துல சிவபெருமானே மாட்டிக்கிட்டாரு. நான் கட வச்சுப் பொழைக்கிறவன்."

"அப்ப வாத்துக்குக் குடுங்க பாஸ்!"

"வாத்துக்குக் கீழ சாமிய வைக்கச் சொல்றியா? அப்பறம் என் கடைக்கு எவன்டா வருவான்?"

திடீரென்று அவர் முகம் தெளிந்தது. ஜெயித்தது சாமி, ஆகவே பரிசும் சாமிக்கே என்று மைக்கில் அறிவித்தார். மூட்டை கோயிலுக்கு என்று முடிவாயிற்று. கூட்டம் அரோகரா போட்டது. அப்பாவும் மாமாவும் கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டியதாயிற்று. எத்தனையோ கப்பல் மூட்டைகளைச் சுமந்த இரண்டு பேரும், அந்த ஒரு மூட்டை வேறு யாருடைய முதுகிலோ லோரிக்கு ஏறிப் போவதைக் கும்பிட்டபடி பார்த்து நின்றார்கள்.

அப்பா பிள்ளையாரைத் தலையில் சுமந்து வந்தார். வழியில் எல்லோரும் ஒதுங்கிக் கும்பிட்டார்கள். சாமி படத்துக்குக் கீழே வைத்து, "யாரும் தொடக் கூடாது," என்றார். அன்றைக்கு எங்களுக்குப் பாலில்லாத கோப்பியும் ரொட்டியும்தான். பிள்ளையாரைப் பார்த்தபடியே படுத்திருந்தோம். தம்பி தூக்கத்தில் வெறும் வாயை மென்றான்.

விழித்தபோது பிள்ளையார் இல்லை.

"சாமி அழுகக் கூடாதுல்ல, ஆத்துல விட்டுட்டேன்," என்றாள் அம்மா.

மத்தியானம் வீட்டில் பூசணிக் கூட்டு கொதித்தது. தூக்குச்சட்டியில் கொஞ்சம் ஊற்றி, "மாமா வீட்டுல குடுத்துட்டு வா. அப்பாகிட்ட மூச்சு விடாத," என்று அனுப்பினாள். அத்தை மூடியைத் திறந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு கூட்டை எடுத்துக்கொண்டு, சட்டி நிறைய அவித்த மரவள்ளிக்கிழங்கை வைத்தாள்.

"எங்க வீட்டு முருகனும் ஆத்துக்குப் போயிட்டாருன்னு அம்மாகிட்ட சொல்லு."

ரெண்டு சாமியும் ஒன்றாகப் போனது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வழியெல்லாம் ஓடிவந்து அப்படியே சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

அப்பா தலை நிமிராமல் சாப்பிட்டார். காய் எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை. கிழங்கைப் பற்றியும் கேட்கவில்லை. என் தட்டில் விழுந்த பூசணித் துண்டு ஒன்று நுனி வளைந்து, மேலே கோடு கோடாகக் கீறியிருந்தது. வாயருகே கொண்டுபோனேன். அம்மா சட்டென்று அதைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, வேறு இரண்டு துண்டு போட்டாள். அவள் சாப்பிட உட்காரவே இல்லை.

இருந்ததிலேயே அதுதான் பெரிய துண்டு. தான் தின்பதற்காக ஒளித்துவைக்கிறாள் என்று நினைத்து, விளக்கேற்றும் வரை அவளோடு பேசாமல் இருந்தேன்.