குடிக்காத மண்

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் செம்பூர் முக்கால்வாசி காடுதான். அங்கே ஒரு மராத்திக்காரர் தன் மணல் நிலத்தின் ஓரத்தில் எங்களைக் குடிசை போட்டுக்கொள்ள விட்டார். வாடகை வேண்டாம், நிலத்தைத் திருத்தி விளைச்சலில் பாதி கொடுத்தால் போதும், முடியாவிட்டால் காலி பண்ண வேண்டும் என்றார். தாராவியில் தோல் பதனிடும் ஷாப்பை ஒட்டிய ஒற்றை அறையில், அந்த நாற்றத்தோடு சோறு தின்றவள் நான். திரும்ப அங்கே போகக் கூடாது என்பது ஒன்றுதான் எனக்கு வெறி.

அந்த மண்ணோ வீம்பு பிடித்தது. குடம் குடமாக ஊற்றினாலும் சேப்ப இலையில் விழுந்தது மாதிரி தண்ணீர் உருண்டு ஓடிவிடும். கிளறிப் பார்த்தால் உள்ளே மாவாட்டம் காய்ந்து கிடக்கும். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் மணல் காட்டுக்குக் குளத்து வண்டல் அடிப்பார்கள். அந்த நினைப்பில், கடல் தண்ணீர் ஏறி இறங்கும் ஓடையிலிருந்து கருஞ்சேற்றைச் சுமந்து வந்து கொட்டினோம். கறுப்பாக இருந்தால் வண்டல் என்று நம்பிய புத்தியை என்ன சொல்ல. அத்தனையும் உப்பு. போட்ட அவரையும் வெண்டையும் கருகிப் போயின.

என் வீட்டுக்காரர் அதோடு கையைக் கழுவினார். தோல் ஷாப் வேலை முடிந்து வந்தால் பாயை விரித்துவிடுவார். நான் விடவில்லை. கோவண்டிப் பக்கம் வற்றிய குட்டையில் களிமண் வெட்டித் தலைச்சுமையாகக் கொண்டுவந்தேன். உலர்த்தி, உடைத்து, எருமைகள் கட்டும் தபேலாவில் கேட்டு வாங்கிய சாணியோடு மணலில் கொத்திக் கலந்தேன். அடுத்த மழைக்குத் தண்ணீர் நின்று, மெல்ல உள்ளே இறங்கியது. அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

நான் விதைத்த பூசணி பூ விட்டிருந்த நேரம், ஊரிலிருந்து அவருடைய அண்ணன் குடும்பத்தோடு வந்து இறங்கினார்.

"ஏட்டி, அண்ணன் பிள்ளைகுட்டியோட வந்திருக்காவ. அவுக இங்க இருக்கட்டும். நாம தாராவிக்கே போயிருவோம்," என்றார் இவர்.

"நான் சுமந்து கொட்டுன மண்ணு?"

"மண்ணைத் தலையில கட்டிக்கிட்டா போவ? மூத்தவுகட்ட போயி வழக்குப் பேச முடியுமா?"

மூட்டையைக் கட்டினேன். நாசமாய்ப் போகட்டும் என்று மனசுக்குள் சொன்னேன். இன்றுவரை அந்தச் சொல்லை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

தீபாவளிக்குச் செம்பூர் போனபோது என் ஓரகத்தி ஒரு பூசணிக்காயைத் தூக்கி என் கையில் வைத்தாள்.

"நல்ல மண்ணுளா இது. ஊத்துன தண்ணியக் கையோட குடிச்சிருது. நீ எதுக்குத்தான் விட்டுட்டுப் போனியோ," என்றாள்.

அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ரயில் ஏறினேன். வீட்டுக்கு வந்து குழம்பு வைத்தேன். தோல் நாற்றத்துக்கு நடுவே அவர் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"ஏட்டி, அண்ணனுக்கு நல்ல கைராசி," என்றார்.