சசிரேகா டீச்சரின் இதயப் பாடம்

சசிரேகா டீச்சர் ஒரு பாடத்தை வீடியோ எடுத்துப் போட்டால் ஒரகடத்துக் கார் கம்பெனிகளில் ஓடுகிற லைன் எல்லாம் தானாக நின்றுவிடும். ஜப்பான்காரர்களும் கொரியாக்காரர்களும் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நோட்ஸ் எடுப்பார்கள். செவ்வாய்க் கிரகத்தில் ஆள் இருந்தால் அவர்களும் பத்தாம் வகுப்பு அறிவியலில் பாஸாகிவிடுவார்கள். பென்னலூரில் கம்பெனி ஆட்கள் தங்குகிற ஹாஸ்டல் அறையில் ஐயனார் இப்படித்தான் அளந்துகொண்டிருந்தான். நிஜத்தில் பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் டீச்சர். இன்னொருவர், சத்தம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக மாட்டிக்கொண்ட அவருடைய புருஷன்.

ஆசிரியர்களே பாடத்தை வீடியோவாக்கிப் பகிரலாம் என்று ஒரு பயிற்சி வைத்து, டீயும் பன்னும் சான்றிதழும் கொடுத்து அனுப்பினார்கள். மற்றவர்கள் சான்றிதழோடு நிறுத்திக்கொண்டார்கள். டீச்சர் மட்டும் மண்ணூர் வீட்டுச் சமையலறையில், இட்லிக் குண்டானில் போனைச் சாய்த்து வைத்துப் பாடம் நடத்த ஆரம்பித்தார். கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் நிறுத்துவார், மறுபடி முதலிலிருந்து. இத்தனையும், அறிவியலில் ஃபெயிலாகிக் கம்பெனி கேன்டீனுக்குத் தட்டு கழுவப் போய்விட்ட ஐயனாருக்காகவும் அவன் கூட்டாளிகள் மூன்று பேருக்காகவும்தான். ஷிப்டை விட்டு வகுப்புக்கு வர முடியாது, போன்தான் கையில் இருக்கிறதே, அதில் பார்த்துத் துணைத்தேர்வு எழுதுங்கள் என்று ஒவ்வொருவரையும் தேடிப்போய்ச் சொன்னார். மூன்று பேர் நம்பரை மாற்றிக்கொண்டார்கள்.

ஐயனாருக்கு அந்த ‘இரண்டு’ பொறுக்கவில்லை. ஹாஸ்டலில் சார்ஜில் கிடந்த போன்களையெல்லாம் எடுத்து ஜன்னலோரம் வரிசையாக நிறுத்தி, சத்தத்தை அடைத்துவிட்டு, இதயப் பாடத்தை ஓடவிட்டான். ஆளுக்கொரு கமெண்டும் போட்டான். வெல்டர் கொம்பையாவின் போனிலிருந்து போனது: ‘கண்ணீர் வந்துவிட்டது மிஸ்.’ குளித்துவிட்டு வந்த நெல்லையப்பன் அண்ணன் தன் போனை எட்டிப் பார்த்தார்.

“ஏலே, இதுல எதுக்குலே ஆட்டு ஈரல் ஓடுது?”

பதில் சொல்ல ஐயனார் விழித்திருக்கவில்லை. ஓ.டி. பார்த்த உடம்பு.

ஒவ்வொரு பாடத்துக்கும் இதே ஏற்பாடு. எண்ணிக்கை ஏறியது. அடுத்த வீடியோவின் முகப்பில் டீச்சர் பட்டுப்புடவையில் நின்றார்.

தேர்வுக்குப் பேர் கொடுக்கும் கடைசி நாளன்று, டீ நேரத்தில், டீச்சர் கேன்டீன் கேட்டுக்கே ஸ்கூட்டியில் வந்துவிட்டார். வீடியோவெல்லாம் பார்த்தாயா என்று கேட்டார். ஒன்று விடாமல் பார்த்ததாக ஐயனார் அடித்துச் சொன்னான்.

“இதயத்துக்கு எத்தனை அறை?”

“நாலு மிஸ்.” தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான்.

டீச்சர் முகம் மலரவில்லை.

“வீடியோல மூணுன்னு சொல்லியிருக்கேன்.”

வகுப்பில் அவருக்கு அப்படி ஒரு பழக்கம் உண்டு. பாடத்தின் நடுவில் வேண்டுமென்றே ஒரு தப்பைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். எவன் விழித்திருக்கிறானோ அவன் ‘தப்பு மிஸ்’ என்று கத்துவான். எப்போதும் முதலில் கத்துகிறவன் ஐயனார்.

அவன் ஈரக் கையைப் பேன்ட்டில் துடைத்தான். பேர் கொடுக்கட்டுமா என்று அவர் கேட்கவில்லை. கொடுங்கள் என்று இவனும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து சூப்பர்வைசர் கூப்பிட்டார். டீச்சர் வண்டியைத் திருப்பிக்கொண்டே சொன்னார்:

“எல்லாப் பாடத்துலயும் ஒண்ணு வெச்சிருந்தேன் ஐயனாரு. நீ ஒருத்தனாவது கத்துவேன்னு.”