எந்த விரலுக்குக் கேட்கும்?

போன வாரம் எதிர்வீட்டு லோகநாயகி, கையில் போனும் கண்ணில் தண்ணீருமாக வந்து நின்றாள்.

தறியில் பழைய பாவு முடியும்போது, அதன் நூல் நுனிகளோடு புதிய பாவின் நுனிகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைப்பது அவள் வேலை. பட்டு வழுக்காமல் இருக்க விரலில் சாம்பல் தொட்டுக்கொள்வாள். பெண்ணைத் தென்னேரியில் கொடுத்திருக்கிறாள். நிறைமாதம். இரண்டாவது பிரசவம் என்பதால் மாமியார் வீட்டிலேயே இருக்கிறது. அவசரத்துக்குக் கூப்பிட வேண்டுமே என்று மாப்பிள்ளை தன் டச் போனை இவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"டீச்சர், பொண்ணு போன் அடிச்சிக்கினே இருக்குது. நானும் இழுத்துக்கினே இருக்கறேன், எடுக்க மாட்டேங்குது. 'ஏம்மா எடுக்கல'ன்னு அது அழுவுது. என் கைதான் சரியில்லையாமா?"

கை சரியில்லையாம்! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் மேல் இல்லை, அந்தத் திரை மேல்.

சாம்பலைக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடச் சொன்னேன். உடனே கேட்டது. ஆனால் வேலை நடுவே கழுவித் துடைத்து வருவதற்குள் மணி நின்றுவிடுமே... அப்புறம் விரலை மடக்கி முட்டியால் இழுக்கச் சொன்னேன். அதற்கும் கேட்டது!

இணையத்தில் ஒரு தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு நான் கட்டுரை எழுதுவது உங்களுக்குத் தெரியும். அங்கே இப்போது நடக்கும் பஞ்சாயத்தே, ஸ்மார்ட்போன் கட்டுரைகளை எப்படி அமைப்பது என்பதுதான். மாடலுக்கு ஒரு கட்டுரையா, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றா? முதலில் எது, கடைசியில் எது? கடல் தாண்டி எங்கோ இருக்கும் ஒரு நிர்வாகி — முகம் பார்த்ததில்லை — வரிசை போட்டுவிட்டார். தயாரிப்பாளர், எடை, தடிமன், செயலி, நினைவகம். எல்லாவற்றுக்கும் அடியில், 'பயன்பாடு'.

எடை இவ்வளவு மேலே எதற்கு? பழைய பேப்பர்காரரிடம் போடவா?

லோகநாயகி வந்துபோன அன்றே பொதுக் கட்டுரையின் முதல் பகுதியாக ஒன்றைச் சேர்த்தேன். தலைப்பு: 'எந்த விரலுக்குக் கேட்கும்?' சாம்பலோ மாவோ படிந்த விரலுக்குச் சில திரைகள் கேட்காது, நகத்துக்கும் கேட்காது, சுத்தமான முட்டிக்குக் கேட்கும் என்று எழுதினேன்.

நிர்வாகி கீழே இறக்கிவிட்டார். கூடவே ஒரு குறிப்பு: "தங்கள் பங்களிப்புக்கு நன்றி. தலைப்பு வினாவாக இருத்தல் ஆகாது. இஃது அரிதான பயனர்களுக்கான தகவல். சான்று இணைக்கவும்."

சான்று எதிர்வீட்டில் இருக்கிறாள், எப்படி இணைப்பது?

அரிதான பயனராம்! சின்ன காஞ்சிபுரத்தில் ஏதாவது ஒரு தெருவில் நுழைந்து பார்க்கட்டும். தறி, அடுப்பு, மாவு, சாயம்... சுத்தமான விரலோடு சும்மா உட்கார்ந்திருப்பவர்தான் இங்கே அரிது.

தலைப்பை 'தொடுதிரையும் விரலும்' என்று மாற்றினேன். இடத்தை மாற்ற மாட்டேன் என்று எழுதிவிட்டு மேலே ஏற்றினேன். இறக்கினார். ஏற்றினேன். "தொடர்ந்தால் தங்களைத் தடை செய்ய நேரிடும்" என்றார்.

உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பயம்தான். ஆசையாக எழுதுகிற இடம் ஆயிற்றே. ஒரு பகுதி மேலே இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன, விட்டுத் தொலைக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை லோகநாயகி மூச்சு வாங்க வாசலில் நின்றாள். விரலெல்லாம் சாம்பல்.

"முட்டியாலயே எடுத்துட்டேன் டீச்சர்! 'அம்மா, வலிக்குது, வா'ன்னுது. தோ, பஸ்ஸுக்குப் போய்க்கினே இருக்கறேன். வீட்ட கொஞ்சம் பாத்துக்கோங்கமா!"

ஓடிவிட்டாள். நான் நேராகக் கம்ப்யூட்டருக்குப் போனேன். பகுதி மறுபடியும் அடியில் கிடந்தது. தூக்கி மேலே வைத்தேன்.

நீங்கள் பார்க்கும்போது அது கீழே இருந்தால், நான் தோற்றுவிட்டேன் என்று நினைக்காதீர்கள்... சாப்பிடப் போயிருக்கிறேன் என்று அர்த்தம்.